டிக் விழுந்தது, பிள்ளை படித்ததா?

(பெண்ணாடத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியது)



கூட்டத்துக்கு வரும்போதே ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், எம் பையன் ஆறாவது போயிட்டான். பஸ்ஸுல எழுதியிருக்கற ஊர் பேரைக்கூட படிக்கத் தெரியல. பள்ளிக்கூடத்துல என்னதான் பண்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. அட்டை, ஏணிப்படி என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகளுக்கு டீச்சரைக் கண்டால் இருந்த பயம் போனது. அது பெரிய நன்மை. அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பரில்தான் திறந்தது. அதை ஈடுகட்ட இல்லம் தேடிக் கல்வி வந்தது. சாயங்காலம் திண்ணையிலும் மரத்தடியிலும் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் நம் குழுப் பெண்களும் உண்டு. மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் 1 முதல் 3 வகுப்பு, அடுத்த வருஷம் 4, 5-க்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்குத் தகுந்த பயிற்சி நூல் கொடுப்பது. மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாவிட்டால், எழுத்திலிருந்து ஆரம்பி என்கிறது திட்டம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதை எதிர்க்கவும் இல்லை.

எங்கள் கவலை வேறு. எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். இதில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கைபேசி செயலியில் கேள்வி கேட்டு, மதிப்பீட்டைப் பதிய வேண்டும். சிக்னல் வராது. செல்போனைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கும் வாசலுக்குமாக நடந்திருக்கிறேன். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்துவது? மேலிருந்து கேட்கும்போதோ, "பதிவு முடிந்ததா? எத்தனை பேர் அரும்பு?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளை படித்தானா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. 2023-இல் ஆசிரியர் சங்கங்கள் போராடியபோது இந்தப் பதிவு வேலைச் சுமையும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

உங்களுக்கு இது புரியும். குழுவுக்குத் தரம் பார்க்க ஆள் வருகிறார் என்றால், முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து தீர்மான நோட்டை எழுதி முடித்த குழு இங்கே ஒன்றுகூட இல்லையா? (சிரிப்பு) நோட்டு அழகாக இருக்கும். கடன் வாங்கியவர் கட்டினாரா என்பது குழுவுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது என் கதை. 2022-23-இல் என்னிடம் மூன்றாவதில் ஒரு பெண் குழந்தை. அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகும்போது கூடவே போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். எழுத்து தெரியும், சொல்லாகச் சேர்த்துப் படிக்க வராது. அது அரும்புதான். ஆனால் என் பட்டியலில் ஏற்கெனவே அரும்பு அதிகம். மீட்டிங்கில் எழுந்து நிற்க வைப்பார்களே என்ற பயத்தில் மொட்டு என்று போட்டுவிட்டேன். அந்தக் குழந்தைக்கு மொட்டு நிலைப் புத்தகம் வந்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டது. ஐந்தாவது முடிக்கும்போது அதன் அம்மா என்னிடம் கேட்டார்: "நல்லா படிக்குதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

இப்படி எழுத்துக்கூட்டத் தெரியாமல் மேலே போகிற பிள்ளைகளுக்காகத்தான் 2025-இல் 6 முதல் 9 வகுப்பு வரை திறன் திட்டம் கொண்டுவந்தார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது. நல்லதுதான். ஆனால் தனியாக உட்காரும் பிள்ளைக்கு அன்றைய வகுப்புப் பாடம் போய்விடுகிறதே, "நீ அந்த குரூப்பா?" என்று மற்ற பிள்ளைகள் கேலி பேசுவார்களே என்று கவலைப்படும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எட்டாவது வரை ஃபெயில் இல்லை என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பெயிலாக்கினால் பெண் பிள்ளை வயலுக்குத்தான் போகும், புத்தகத்துக்கு வராது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். உங்களில் எத்தனையோ பேர் அதில் உறுப்பினர். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். "எம் பிள்ளை எந்த நிலை? என் முன்னாடி ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க" என்று கேளுங்கள். டீச்சர் உள்ளதைச் சொன்னால் கோபப்படாதீர்கள். உண்மையைச் சொன்னவருக்குத் திட்டு விழுந்தால் அடுத்த தடவை அவரும் மொட்டு என்றுதான் போடுவார். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதைத் தீர்மானமாகவே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கே எழுத்து தெரியாதே, நான் எப்படிப் பார்ப்பது என்று பின்னால் ஓர் அம்மா கேட்கிறார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நம் குழுத் தீர்மான நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என்ன தீர்மானம் போட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். இழுத்து இழுத்துப் படித்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளை படிக்கிறதா, முழிக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முழித்தால், மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்னே டீச்சரைப் போய்ப் பாருங்கள்.