கைத்திறனுக்குச் சான்றிதழ் பெறுவோம்
(கிளை ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுக் கூட்டம் என்றால் சம்பளம், வீடு, தண்ணீர் பற்றிப் பேசுவது நமது வழக்கம். அவற்றை இன்றும் நாம் விட்டுவிடவில்லை. ஆயினும் இம்முறை வேறொன்றை முதலில் வைக்கிறோம். நம் பிள்ளைகளும், வயது வந்த நம் ஆட்களும் இயந்திரத் தொழிலுக்கும் மின்சாரத் தொழிலுக்கும் கணினித் தொழிலுக்கும் போவது எப்படி என்பதே அது.

தொழில்நுட்பம் நமக்குப் புதிதா? இல்லை. பொழுது விடியுமுன் காட்டுக்குப் போகிறோம். ஏன்? வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையைச் சீவும் உளி உள்மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காயப்பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மயிரிழைக் கணக்கு அது! இதைக் கையால் அறிந்தவர்கள் நுட்பம் அறியாதவர்களா? ஆனால் நம் அறிவு தோட்டத்து எல்லைக்குள்தான் செல்லுபடியாகிறது. எல்லையைத் தாண்டினால் எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாள் இல்லை.

1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தை ரப்பர் உலகம் அறியும். பி.பி. என்று தொடங்கும் உயர் ரக ரப்பர் மரங்கள் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியவை. 1990-ஆம் ஆண்டுகளில் அந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அதன் பக்கத்திலேயே, கணினித் தொழிலுக்கென்று சைபர்ஜெயா எழுந்தது. அவ்வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் டிங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிலத்துக்குத் திட்டம் இருந்தது. நிலத்தில் உழைத்தவர் பிள்ளைகளை அந்தப் புதிய வேலைக்கு ஆயத்தம் செய்யும் திட்டம் எங்கே இருந்தது? இன்று ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தில், தோட்டமாக இருந்த நிலத்தில் தரவு மையங்கள் எழுகின்றன. அங்கே மின்கம்பி இழுப்பவர் வேண்டும்; குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் வேண்டும்; கணினி இணைப்புத் தெரிந்தவர் வேண்டும். மறுபடியும் நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கப் போகிறோமா?

நம் கிளையின் பழைய உறுப்பினர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் இருபது ஆண்டுகள் மோட்டாரையும் பம்பையும் ஓடவைத்தவர் அவர். சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். ஸ்டோர் மூடப்பட்டது; வேலை போயிற்று; வேலையோடு வீடும் போயிற்று. இன்று ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கிறார். உள்ளே மோட்டார் ஓடுகிறது. அதைத் தொட அவருக்கு உரிமையில்லை. அனுபவத்துக்கே சான்றிதழ் பெறும் வழி நாட்டில் இருந்தது. அவருக்கு அதை நாம் சொல்லவில்லை. ஏனெனில் நாமே அறிந்திருக்கவில்லை. குற்றம் நம்முடையதுந்தான், அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே வழிகளைக் கேளுங்கள். மனிதவள அமைச்சின்கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஆதாரம். முதல் மூன்று படி சான்றிதழ். நான்காம் படி டிப்ளோமா. ஐந்தாம் படி உயர் டிப்ளோமா. முதற்படியில் சேர மலாயோ ஆங்கிலமோ பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும் என்பதே பொது விதி. மூன்றாம் படிவத்தில் பள்ளியை விட்ட பையனுக்கும் கதவு அடைபடவில்லை. சில பயிற்சி நிலையங்கள் தனி நிபந்தனை வைத்திருக்கும், கேட்டறிந்து சேரவேண்டும்.

இரண்டாவது வழி, வேலை செய்துகொண்டே கற்பது. 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் பெரும்பகுதி தொழிற்கூடத்திலேயே நடக்கும், சிறுபகுதிதான் வகுப்பறையில். வீட்டுக்கு அலவன்ஸ் கொண்டுவர வேண்டிய பிள்ளைக்கு இது ஏற்றது.

மூன்றாவது வழி பெரியவர்களுக்கு. பல ஆண்டு அனுபவமுள்ளவர் தாம் செய்த வேலைக்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால், மீண்டும் வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் பெறலாம். டிராக்டர் பழுது பார்க்கும் அண்ணன்மாரே, வெல்டிங் செய்யும் தம்பிமாரே, இது உங்களுக்காகவே உள்ளது!

பணத்துக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். பயிற்சிக் கடன் கொடுக்கும் அரசு நிதி உண்டு. மேலும், உள்நாட்டுத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள முதலாளிமார் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்டவேண்டும். 2021 முதல் விவசாயத் துறையும் இதில் சேர்ந்துள்ளது. அந்தப் பணம் தொழிலாளரின் பயிற்சிக்கென்றே உள்ளது. கிராணிக்கும் அதிகாரிக்கும் மட்டுமல்ல, வெளிக்காட்டுத் தொழிலாளிக்கும் அதில் பங்கு கேட்போம்.

எனவே இக்கிளை மூன்று காரியங்களைச் செய்யத் தீர்மானிக்கவேண்டும். ஒன்று, டிவிஷன் வாரியாகப் பள்ளியை விட்ட இளைஞர், பெண்கள் பெயரைப் பதியவேண்டும். அடையாளக் கார்டு இல்லாதவர்களை முதலில் கவனிக்கவேண்டும். கார்டு இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. இரண்டு, பாரம் எழுத உதவி செய்து, முதல் நாள் பயிற்சி நிலையம்வரை உடன் செல்லவேண்டும். மூன்று, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் பயிற்சிக்கான விடுப்பையும் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும்.

தோழர்களே! ரப்பர்க் கன்றை நட்ட மறுநாளே நாம் உளி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டு பொறுத்து, களை எடுத்து, உரமிட்டு, மரம் பருத்த பிறகே வெட்டுகிறோம். துரையின் மரத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நம் வீட்டுப் பிள்ளைக்கும் காட்டுவோம். பையன் கைக்கு வந்துவிட்டான் என்று பதினாறு வயதில் லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு பொறுங்கள். அந்த இரண்டு ஆண்டுக்குச் சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.

பெயர் பதியும் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் வந்து பதியுங்கள்.