கல்லாவில் யார் கை?

தெருமுனைக் கடைக்குப் போகிறோம். சோப்பு வாங்கி, பணத்தை அண்ணாச்சியிடம் நீட்டுகிறோம். அவர் வாங்கிக் கல்லாவில் போட்டு, சில்லறையை எண்ணித் தருகிறார். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க, நானே போட்டுக்கிறேன்" என்று நாம் கல்லாவுக்குள் கை விட்டால்? நாம் யோக்கியர்கள்தான். ஆனால் ராத்திரி கணக்கு உதைத்தால் அண்ணாச்சி யாரைப் போய்க் கேட்பார்?

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே கவலை உண்டு. ஒரு தகவலையும், அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்துக் கட்டி வைப்பதற்குக் 'கிளாஸ்' என்று பெயர். அதற்குள் 'பிரைவேட்' என்று குறித்ததை அந்தக் கிளாஸ் மட்டுமே தொடலாம். 'பப்ளிக்' என்றால் யாரும் தொடலாம். பிரைவேட் என்றதும் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லா எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கைதான் போகக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்துக் கடைகளுக்கான பில் போடும் மென்பொருள் ஒன்றில் இருந்தேன். ஒரு நாள் ஒரு கடையிலிருந்து போன்: இருமல் மருந்து கையிருப்பு மைனஸ் மூன்று! இல்லாத பாட்டிலில் மூன்றை எப்படி விற்பது? இரண்டு நாள் தேடினோம். 'கையிருப்பு' என்ற அந்த எண்ணைப் பப்ளிக்காக விட்டிருந்ததால், யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். மூன்றாம் நாள் எங்கள் மூத்தவர் வந்தார். ஒரே ஒரு சொல்லை மாற்றி, அதைப் பிரைவேட் ஆக்கினார். அவ்வளவுதான், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. வெளியிலிருந்து அந்த எண்ணைத் தொட்ட இடங்களையெல்லாம் வரி எண்ணோடு சொன்னது. அந்தப் பட்டியலில் ஒன்று, மாதிரி பில் அச்சடிக்கும் பகுதி. விற்காத சரக்கை அது கழித்துக்கொண்டிருந்தது. எழுதியது யார் என்று கேட்காதீர்கள். இப்போது வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சொல் இனிமேல்தான் வருகிறது. 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரூப் தொடங்கிய வேலைதான் பிறகு சி பிளஸ் பிளஸ் மொழியானது. அதில் 'ஃப்ரெண்ட்' என்றே ஒரு சொல் இருக்கிறது. ஒரு கிளாஸ் இன்னொன்றைப் பெயர் சொல்லி, "இவர் என் சிநேகிதர், கல்லாவில் கை வைக்கலாம்" என்று அறிவிக்கலாம். அணி (மேட்ரிக்ஸ்) ஒரு கிளாஸ், திசையன் (வெக்டர்) இன்னொரு கிளாஸ் என்றால், அவற்றைப் பெருக்கும் ஒரு கணக்கு இரண்டின் உள்ளேயும் கை வைக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு இது.

அந்தச் சிநேகத்தின் சட்டங்களைக் கேளுங்கள். நட்பைக் கொடுக்கலாம், தானாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் உங்களைச் சிநேகிதர் என்றதால், நீங்களும் என்னை அப்படிச் சொன்னதாக ஆகாது. உங்கள் சிநேகிதர் எனக்குச் சிநேகிதர் இல்லை. உங்கள் பிள்ளைக்கும், அதாவது உங்களிலிருந்து கிளைத்துவரும் கிளாஸுக்கும், அந்த உரிமை இறங்காது. நம் வீடுகளில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த நாலையும் ஒருமுறை படித்திருந்தால், எத்தனை மனஸ்தாபம் மிச்சமாகியிருக்கும்!

வெளியாருக்கு மூடி, பிள்ளைகளுக்கு மட்டும் திறக்க 'புரொடெக்டட்' என்ற சொல் தனியாக வந்தது. மார்க் லிண்டன் என்பவர் ஸ்ட்ரூஸ்ட்ரூப்பிடம் மன்றாடிக் கேட்டு வாங்கியது அது. சுமார் ஐந்து ஆண்டு கழித்து, தகவல்களை அப்படித் திறந்து வைப்பதால் பிழைகள் பெருகுகின்றன என்று அதே லிண்டன் தம் மென்பொருளில் அதற்குத் தடை போட்டார். கேட்டு வாங்கியவரே திருப்பிக் கொடுத்த வரம்!

உங்கள் வீட்டில் நிரல் எழுதும் பிள்ளை இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முதலில் எல்லாவற்றையும் பிரைவேட்டாக வை, கேட்பவர் யார் என்று தெரிந்த பிறகு திற. ராத்திரி கணக்கு உதைத்தால், விசாரிக்க வேண்டியவர்கள் நாலு பேராவது குறைவாக இருக்கட்டும்.