மட்டக்குழாயில் தெரியும் மூச்சு

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து மரப்பட்டறைகளில் ரம்ப மிஷின், பிளேனர், டஸ்ட் கலெக்டர் எல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். இன்றைக்கு டஸ்ட் கலெக்டரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லாத மிஷின் அது. ஒரு மோட்டார் விசிறியைச் சுழற்றும். விசிறியின் வாயில் நாலு அங்குலக் குழாய். இழுத்த தூள் கீழ்ப்பையில் விழும், காற்று மேலே இருக்கும் துணிப்பை வழியாக வடிந்து வெளியேறும்.

"தரையில கிடக்குறத பெருக்கிட்டாப் போச்சு, இதுக்கு ஒரு மிஷினா?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தரையில் கிடக்கும் சீவல் யாரையும் ஒன்றும் செய்யாது, அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிறதே, தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கும் இல்லாத தூள், அதுதான் நெஞ்சுக்குள் இறங்குவது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்துவிட்டது. முக்கியமாக மூக்கின் உள்பகுதியில். ஆகவே இந்த மிஷின் ஓடினால் மட்டும் போதாது, ஒழுங்காக இழுக்கவும் வேண்டும்.

ஓடும், ஆனால் இழுக்காது. எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். ஒரு ஆசாரி அப்படித்தான் கூப்பிட்டார். "தம்பி, பையைத் துவைச்சுட்டேன், ஓஸையும் புதுசா மாத்திட்டேன். அப்பவும் பிளேனர்ல சீவல் தேங்குது." போய்ச் சுவிட்சைப் போடச் சொன்னேன். சத்தமே சரியில்லை. நல்ல மிஷினில் காற்று அடர்த்தியாக இரையும், இதில் வெறும் மோட்டார் சத்தம்தான் கேட்டது. செய்தித்தாள் ஒன்றைக் குழாய் வாயில் பிடித்தேன். ஒட்டியது, ஆனால் தொளதொளவென்று. "மோட்டார்ல ஏதும் வேலை பார்த்தீங்களா?" என்றேன். "போன வாரம் எரிஞ்சு போச்சு, காயில் கட்டிப் போட்டோம்" என்றார்.

நிறுத்தச் சொல்லிவிட்டு மோட்டாரின் பின்பக்க விசிறி சுற்றி ஓய்வதைப் பார்த்தேன். கூட்டின் மேல் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது, விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி நிற்கிறது! மும்முனை இணைப்பில் இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது. மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தோம். மறுபடி ஓடவிட்டதும் செய்தித்தாள் படீரென்று போய் அப்பியது. ஆசாரி கையால் பிடுங்கிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் பலரும் ஏமாறக் காரணம் உண்டு. மேசை விசிறி திருப்பிச் சுற்றினால் காற்று பின்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். இந்த விசிறி அப்படியல்ல. எதிர்த்திசையில் சுற்றினாலும் அதே வாயில்தான் இழுக்கும், பாதி உயிரோடு. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது தெரியும். திருப்பி ஓடினாலும் தண்ணீர் எட்டிப் பார்க்கும், வாய்க்கால் நிறையாது. காயில் கட்டி வந்த மோட்டாரை மாட்டியதும் அம்புக்குறியைப் பாருங்கள். மின்வேலை தெரியாதவர்கள் ஒயரைத் தொடாமல் ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் குழாயில் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் ப வடிவத்தில் வளைத்து ஆணியடித்து, நீல மை கலந்த தண்ணீரைப் பாதி ஊற்றுங்கள். ஒரு முனையை இரண்டு பைகளுக்கும் நடுவில் உள்ள தகரக் கூட்டில் சின்ன ஓட்டை போட்டுச் செருகுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். மிஷினைப் போட்டதும் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி, மறுபக்கம் ஏறும். பை சுத்தமாக இருக்கும் நாளில் அந்த இடைவெளியைப் பென்சிலால் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கிளைக் குழாயை மட்டும் திறந்து பார்க்க வேண்டும், அது முக்கியம்.

அதற்குப் பிறகு தண்ணீரே பேசும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் பை அடைக்கிறது. குறைந்தால் பை அடைப்பு காரணமில்லை. குழாயில் சீவல் அடைத்திருக்கும், அல்லது விசிறி வலுவிழந்திருக்கும். அந்த ஆசாரி பட்டறையில் இப்படி ஒரு குழாய் இருந்திருந்தால் பையைத் துவைத்திருக்கவே மாட்டார். இன்று அவர் பட்டறைச் சுவரில் அது தொங்குகிறது. காலையில் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு அடுத்து அதைத்தான் பார்க்கிறார்.

துவைப்பது என்றதும் நினைவு வருகிறது. புதுப்பையில் நுண்ணிய தூள் கொஞ்சம் கசியும். நாள் போகப் போகத் துணியின் உட்புறம் மெல்லிய தூள் படலம் படிந்து, அதுவே வடிகட்டியாகிவிடும். அடிக்கடி துவைத்தால் அந்தப் படலம் போய், தூள் மறுபடி பட்டறைக்குள் வரும். மிஷினை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து மெதுவாகத் தட்டினால் போதும். எங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஈரம் ஏறிய தூள் துணியில் களி மாதிரி ஒட்டும். ராத்திரி ஜன்னலோரம் பையைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள்.

நேரம் நெருங்குகிறது, மற்றதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பை பாதி நிறைந்ததும் காலி பண்ணுங்கள். குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று பார்க்கப் பத்தியோ தீக்குச்சியோ வேண்டாம், ஒரு இழை இலவம் பஞ்சு போதும். கசிவு இருந்தால் பஞ்சு உள்பக்கம் இழுபடும். பழைய கதவு, நிலை அறுக்கும்போது ஆணி குழாய்க்குள் போகவே கூடாது, விசிறியில் பட்டால் பொறி பறக்கும். கூட்டுக்கு எர்த் கட்டாயம். பொறி பட்டால் மரத்தூள் வெடிக்கவும் கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் சில மாத இடைவெளியில் இரண்டு மர ஆலைகள் காய்ந்த மரத்தூளால் வெடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்துபோனார்கள். பிளைவுட், எம்.டி.எஃப் தூளை யார் கேட்டாலும் மரத்தூள் அடுப்புக்குக் கொடுக்காதீர்கள், அதில் பசை இருக்கிறது.

நாளைக் காலை உங்களில் ஒருவராவது டியூப் லெவல் குழாய் வாங்கக் கடைக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன். நீல மை மறக்க வேண்டாம்.