கண்டதும் கணக்கிட்டதும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

தொழில் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குப் புள்ளியியல் எவ்வாறு துணைநிற்கும் என்பதைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். புள்ளியியல் என்றதும் சிலர் முகம் சுருங்குவதைக் காண்கிறேன். அஞ்ச வேண்டாம். நம் மலையையும், நம் காப்பிச் செடியையும், என் வீட்டில் நடந்த ஒரு தவற்றையும் கொண்டே இதை விளக்கிவிடலாம்.

1820களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்நாள் முதல் இம்மலையில் காப்பிப் பழம் பறித்த கைகள் பல. அதன் கணக்கை எழுதிய கைகள் சில. என் தந்தையார் பறித்த கூட்டத்தைச் சேர்ந்தவர். தோட்டத்துக் கூலி வேலையோடு, அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அரபிக்காக் காப்பியும் வளர்த்தார். ஓர் ஆண்டு விளைச்சல் மிகவும் குன்றியது. வியாபாரி ஒருவர் ஒரு புதிய உரத்தூளைக் காட்டிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டார். மறு ஆண்டு கிளைகள் தாழக் காய்த்தன. “கண்ணால் கண்டது பொய்யாகுமா?” என்று கூறி, அதற்கடுத்த ஆண்டு கடன் வாங்கி இருமடங்கு தூள் வாங்கினார். அவ்வாண்டு காய்ப்பு பாதியாகக் குறைந்தது. கடன் நின்றது, என் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

கண்ணால் கண்டது பொய்யன்று. கண்டதிலிருந்து முடிவுக்கு வந்த வழிதான் பிழை. அரபிக்காச் செடிக்கு ஓர் இயல்பு உண்டு. ஓர் ஆண்டு மிகுதியாகக் காய்த்தால், செடியின் சத்தெல்லாம் காய்க்கே போய்விட, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய புதுக் கிளை குறைவாகவே வளரும். ஆகவே மறு ஆண்டு விளைச்சல் குன்றும். குன்றிய ஆண்டில் கிளை வளர்ந்து, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் பெருகும். தூள் போடாவிட்டாலும் அவ்வாண்டு செடி நன்கு காய்த்திருக்கக் கூடும். நட்டம் வந்த பிறகே நாம் மருந்து தேடுகிறோம். தானாகவே எழ வேண்டிய விளைச்சல் எழுந்ததும் மருந்துக்குப் புகழ் சூட்டுகிறோம்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? தோட்டத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்குத் தூள், எதற்கு இல்லை என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்து, இரண்டையும் ஒரே ஆண்டில் ஒப்பிட்டிருக்க வேண்டும். சோதனை என்பதன் உயிர் ஒப்பீடுதான். நல்ல செடிகளாகப் பார்த்துத் தூள் போடும் நம் கையின் சாய்வைத் தடுக்கவே காசு சுண்டுகிறோம்.

இனிக் கருதுகோள் சோதனைக்கு வருவோம். நம் இளைஞர் ஐவர் சேர்ந்து, காப்பிக்கொட்டை வாங்கி வறுத்து அரைத்து, ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க எண்ணுகிறார்கள் என்று கொள்வோம். நன்கு பழுத்த பழங்களை மட்டும் பொறுக்கிப் பறித்த கொட்டைக்கு விலை கூடுதல். பச்சையும் பழமும் கலந்து உருவிய கொட்டைக்கு விலை குறைவு. கூடுதல் விலை கொடுப்பது தகுமா? குடிப்பவர்க்கு வேறுபாடு தெரியுமா?

எட்டுத் தம்ளர் எடுங்கள். நான்கில் ஒரு வகை, நான்கில் மற்றொரு வகை. வரிசையைக் கலைத்து வைத்து, குடிப்பவரிடம், “பழக்காப்பி எந்த நான்கு?” என்று கேளுங்கள். இங்கே முதலில், “இவருக்கு வேறுபாடு தெரியாது, வெறுமனே ஊகிக்கிறார்” என்று வைத்துக்கொள்கிறோம். இதுவே இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க எழுபது வழிகள் உண்டு. நான்கையும் ஊகத்தால் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரே வாய்ப்பு. அவ்வாறு சொல்லிவிட்டால், அது ஊகம் என்று நம்புவது கடினம், கருதுகோளைத் தள்ளிவிடலாம். ஆனால் மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? மூன்றோ அதற்கு மேலோ ஊகத்தாலேயே அமைய எழுபதில் பதினேழு வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஆகவே மூன்று சரியைக் கண்டு மகிழ்ந்து முதலைக் கொட்டக் கூடாது. இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில், பாலை முன்னே ஊற்றிய தேநீருக்கும் பின்னே ஊற்றியதற்கும் வேறுபாடு சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியைக் கொண்டு இம்முறையை விளக்கினார்.

ஒன்றை மறவாதீர்கள். ஒருவருக்கு வேறுபாடு தெரிவது வேறு. பலர் அதை விரும்பி மிகுவிலை கொடுப்பது வேறு. இரண்டாம் கேள்விக்குத் தனிச் சோதனை வேண்டும். பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பொட்டலங்களையும் அருகருகே, அவற்றுக்குரிய விலையில் வையுங்கள். இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எட்டு நாளோ அதற்கு மேலோ பழக்காப்பி கூடுதலாக விற்றால், அது தற்செயலாய் நிகழும் வாய்ப்பு 1024இல் 56. நூற்றுக்கு ஐந்தைச் சற்றே தாண்டும். ஒன்பது நாளோ அதற்கு மேலோ விற்றால் 1024இல் 11 மட்டுமே. எத்தனை நாள் விற்றால் நம்புவது என்பதை விற்பனைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் அளவுகோலை வளைப்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

அடுத்தது ஒட்டுறவு. ஒன்று ஏற மற்றொன்றும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை, மைனஸ் ஒன்று முதல் பிளஸ் ஒன்று வரையுள்ள ஓர் எண்ணால் கூறுவது அது. அதன் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் மழை, வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகைமழையே காரணம் என்று காட்டினார். அணைகட்டி நீரைத் தேக்குவதே வழி என்றார். வீண் செலவொன்று கணக்கால் தடுக்கப்பட்டது.

ஆயினும் இந்த எண்ணுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது நேர்கோட்டு உறவை மட்டுமே அளக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூ மழை இல்லையேல் காப்பி மொட்டு மலராது. மலர்ந்த நாளில் கனமழை கொட்டினாலோ மகரந்தம் அழிந்து காய் பிடிக்காது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. இங்கே ஒட்டுறவு எண் சுழியை நெருங்கி நிற்கலாம். அதைக் கண்டு மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்பவன் பேதை. எனவே எண்ணைப் பார்க்குமுன் புள்ளிகளைத் தாளில் குறித்துப் பாருங்கள்.

இரண்டாவது குறை பெரிது. சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகாது. ஏப்ரலில் கடைக்குப் புதுப் பலகை மாட்டி, மே மாதத்தில் விற்பனை பெருகினால், பலகையா காரணம்? மே மாதத்தில் கோடைக் கூட்டம் மலையேறுகிறது! அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப்பற்றி எழுதிய கட்டுரையை நினைவூட்டுகிறேன். நிலம் சிறிதாயிருப்பதே நம் உழவின் கேட்டுக்குக் காரணம் என்று பலரும் கூறிய காலம் அது. அவரோ, நிலத்தின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்தலாகாது, அதனோடு சேரும் முதலையும் கருவிகளையும் உழைப்பையும் பார்க்க வேண்டும் என்றார். தொழில்கள் இல்லாமையால் மிகையான மக்கள் நிலத்தின்மேல் அழுந்துவதே மூலநோய் என்று காட்டினார்.

இந்த எச்சரிக்கை கடைக்கு மட்டுமன்று. ஒட்டுறவு எண்ணை உருவாக்கிய கார்ல் பியர்சனே 1925இல், இலண்டனுக்குக் குடிபெயர்ந்து வந்த யூதக் குழந்தைகளை அளந்து, அவர்கள் தாழ்ந்தவர்கள் என்ற முடிவை வெளியிட்டார். வறுமையையும் புது நாட்டின் இடர்களையும் பிறப்பின் குறையாகப் படித்தார். நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டி, “இவர்களுக்குப் படிப்பு வராது” என்பவர்க்கும் இதுவே விடை. பள்ளி எவ்வளவு தொலைவு? வீட்டில் விளக்கு உண்டா? பறிப்புக் காலத்தில் பிள்ளை எங்கே இருந்தது? இவற்றைச் சமமாக்கி ஒப்பிட்டீர்களா என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவனை எவரும் எண்ணைக் காட்டி அடக்க முடியாது.

இறுதியாக ஒன்று. எந்தச் சோதனையும் இரு வகையில் தவறலாம்: இல்லாததை உண்டென்று நம்பலாம், உள்ளதை இல்லையென்று விடலாம். எது மிகுந்த நட்டம் என்பதை நீங்களே எடைபோட வேண்டும். தண்டு துளைப்பான் தாக்கியதோ என ஐயுற்ற செடியைப் பிடுங்கினால், போவது ஒரு செடி. விட்டுவைத்தால் தோட்டமே போகலாம். அங்கே சிறு ஐயமும் போதும். ஆனால் இருக்கும் முதலனைத்தையும் ஒரே சரக்கில் கொட்டுமுன் வலுவான சான்று வேண்டும். செல்வன் ஒரு தவற்றைத் தாங்குவான். நமக்கு ஒரு தவறு ஒரு பிள்ளையின் படிப்பு.

1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் நம் மக்களின் தொழிலுக்குக் கடனுதவி செய்கிறது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பி வாரியம் மொத்தமாகத் திரட்டி விற்ற முறையும் 1996இல் முற்றாக நீங்கியது. விளைவிப்பவரே விலை பேசி விற்கலாம். கதவு திறந்திருக்கிறது, அதில் நுழைபவர் கையில் ஒரு கணக்கேடு இருக்கட்டும். சிறிதாகச் சோதியுங்கள், நாள்தோறும் எழுதுங்கள், பிறகு துணியுங்கள்.

என் தந்தையாருக்கு இதைச் சொல்ல அன்று எவரும் இல்லை. உங்களுக்குச் சொல்ல இக்கழகம் இருக்கிறது.