லைன் வீட்டுக்கு வந்த வடநாட்டுக் குடும்பம்



1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பாஷை தெரியாத ஊரில் நம்மவர்கள் தொழில் பழகிய காலம் அது. இன்று அந்தப் பக்கத்திலிருந்து, பீகார், ஒடிசா என்று, பலர் நம் ஊருக்குப் பிழைக்க வருகிறார்கள். உங்கள் தெருவின் லைன் வீட்டிலேகூட இருப்பாங்க.

அப்படி ஒரு வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண். நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அத்தனையும் டப்பாவிலேயே கிடந்தது. நாலு நாள் சாப்பிட்டிருக்கிறாள். மலம் கறுப்பாகப் போகவே பயந்து நிறுத்திவிட்டாள். அது மாத்திரையின் இயல்பு, கெடுதல் இல்லை என்று அவள் பாஷையில் யாரும் சொல்லவில்லை. நம்ம வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் பயம் உண்டுதானே? ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால், பிறகு உண்டாகும் ரத்தப்போக்கை உடம்பு தாங்காது. ஆகவே நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள். டீ குடிக்கும்போது மட்டும் வேண்டாம். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

"சோறு சாப்பிடு, ரொட்டியை விடு" என்று அவர்களிடம் சொல்லாதீங்க. ரொட்டியோடு பருப்பும் கீரையும் சேர்ந்தால் போதும். பீகார்க்காரர் வறுத்த கடலை மாவைச் "சத்து" என்றே சொல்கிறார்கள், பெயருக்கேற்ற பண்டம்தான்! நம்ம பொட்டுக்கடலை மாவு மாதிரி.

இன்னொன்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தமிழ் பேசுகிறதே என்று, அதை நடுவில் வைத்து மாதவிலக்கு, காப்பர்-டி பற்றியெல்லாம் தாயிடம் கேட்பது சரியில்லை. அவள் வாயே திறக்க மாட்டாள். அவர்களிலேயே தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டி வாங்க. புருஷனிடம் ஆண் சுகாதார ஊழியர் தனியே பேசட்டும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதில் அவருக்கும் பங்கு உண்டு.

பட்டாசு வேலை முடிந்து வருகிறவர் எந்த ஊர்க்காரராயினும், சோப்பால் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

சொந்த ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால், மீதி ஊசியை இங்கேயே இலவசமாகப் போடலாம். இது பலருக்குத் தெரியாது. புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அந்த வீட்டுக் கதவையும் ஒரு தட்டுத் தட்டுங்க.