பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ்



விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்பதற்குரிய லட்சணங்கள் இல்லை என்ற ஒரே காரணத்தால், திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் கணினிகள்கூடப் பரணுக்குப் போகும் நிலை வந்திருக்கிறது. அவற்றுக்கு மறுவாழ்வு அளிக்கவல்ல லகுவான லினக்ஸ் இயங்குதள வகைகள் எவ்வாறு பக்குவமடைகின்றன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கௌலர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பப்பி லினக்ஸ்’ இவ்வகையில் மிகவும் விசேஷமானது. மற்ற இயங்குதளங்கள் வேண்டும்போதெல்லாம் வன்தட்டைத் துழாவிக் கோப்புகளை எடுத்துக்கொண்டிருக்க, இதுவோ சுருக்கி அடைத்த தன் உருவத்தைக் கணினியின் ரேம் நினைவகத்துக்குள் பிரதி செய்துகொண்டு அங்கிருந்தே இயங்குகிறபடியால், தேய்ந்துபோன வன்தட்டின் மந்தம் இதைப் பாதிப்பதில்லை. வன்தட்டே இல்லாத கணினியிலும் இது ஓடும்.

ஆயினும், சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது என்பதனால் மட்டும் ஒரு லினக்ஸ் பழைய கணினிக்கு ஏற்றதாகிவிடாது. புதிய இயந்திரத்துக்குள் மென்பொருளால் ஒரு பாவனைக் கணினியை உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்குவது போன்றதே. உண்மையான பழைய கணினியின் வீடியோ அட்டையும் வயர்லெஸ் அட்டையும் செய்கிற சண்டித்தனம் அங்கே தெரியவராது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 32-பிட் செயலிகள் நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்டுவதற்காக ஏற்பட்டது பி.ஏ.இ. என்னும் வசதி. 2012இல் வெளிவந்த ‘உபுண்டு’ லினக்ஸின் 12.10 பதிப்பு முதல், அவ்வசதி இருந்தால்தான் அதன் மையப் பகுதியான கெர்னல் இயங்கும் என்று ஆயிற்று. இன்டெலின் பென்டியம் எம் செயலிகளில் முற்பட்டவை சிலவற்றில் அந்த வசதி உண்மையில் இருந்தும், இருப்பதாக அறிவிக்கும் அடையாளக் குறியை மட்டும் அவை வெளிக்காட்டுவதில்லை. ஆகவே கெர்னல் ‘உண்டா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்று, வாசற்படியிலேயே நின்றுவிட்டது. கையில் அந்த மடிக்கணினிகளையே வைத்திருந்தவர்கள் விடாமல் பரீட்சித்ததன் பயனாக, குறியைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லும்படி கட்டளையிடும் ‘ஃபோர்ஸ்-பி.ஏ.இ.’ என்ற ஒற்றைச் சொல் 14.04 பதிப்பில் இடம்பெற்றது. அந்தச் சொல்லைத் தொடக்க வரியில் சேர்த்த மாத்திரத்தில் இயந்திரம் எழுந்துவிடும்! கௌலரும் 2010இல் பழைய கணினிகளுக்கென்றே, வேண்டுமென்றே பழைய கெர்னலோடும் தொலைபேசி மோடத்துக்கான இயக்கிகளோடும் ‘வேரி’ என்ற தனிப்பதிப்பை அமைத்தார். புதியதே சிறந்தது என்ற நம்பிக்கை இத்துறையில் செல்லாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இன்று பெரிய தடை இணைய உலாவிதான். 2017இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 53 முதல், லினக்ஸில் எஸ்.எஸ்.இ.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத செயலிகளை அது ஏற்பதில்லை. பென்டியம் மூன்றும் அத்லான் எக்ஸ்பியும் அதனால் விலக்குண்டன. இயங்குதளம் எவ்வளவு மெலிந்திருந்தாலும், நினைவகத்தை உலாவி விழுங்கிவிட்டால் பயனில்லை.

இயங்குதளத்தை மெலியச் செய்வதற்காகச் சிலவற்றை நீக்குவதிலும் விவேகம் வேண்டும். எழுத்துருக்களைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடித்தவர், தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்காதவரானால், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களே நமக்குக் காட்சியளிக்கும். இதைத் தயாரிப்பவர் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது. பரீட்சிக்கிறவர் சொன்னால்தான் உண்டு. சொல்லும்போதும், ‘ஓடவில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், கணினியின் மாதிரி, செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, திரையில் கடைசியாகத் தோன்றிய வரி, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை தரும் எண்கள் ஆகியவற்றைக் குறித்து எழுதினால், அது தயாரிப்பாளரின் பல நாள் பிரயாசையை மிச்சப்படுத்தும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமையுள்ள பரீட்சகரை, நிரல் எழுதுகிறவருக்குச் சமமான ஸ்தானத்தில் வைக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணினி இருக்குமானால், எடைக்குப் போடுமுன் இத்தகைய லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி அந்தக் கணினியில் இயக்கிப் பாருங்கள். வன்தட்டிலுள்ள எதையும் அழிக்காமலே இதைச் செய்யலாம். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்டது எதுவானாலும், குறையானாலும் நிறையானாலும், அந்த லினக்ஸைத் தயாரித்தவர்களுக்கு விவரமாக எழுதியனுப்புங்கள்.