அடுப்பங்கரையில் வாழும் சொற்கள்



விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அப்பண்பு கடல் கடந்த மக்களிடத்தும் தழைத்திருக்கக் காண்கிறோம். இன்று நாம், இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கா மக்களின் அடுப்பங்கரைக்குச் செல்வோம்.

1948 ஜூன் 22ஆம் நாள் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலின் பயணிகள் டில்பரித் துறைமுகத்தில் கரையிறங்கினர். அவர்களுள் ஜமைக்காவினர் பலர். அவர்களைப் பின்பற்றிப் பல்லாயிரவர் வந்தனர். கறுப்பர்க்கு அறையில்லை என்று மூடப்பட்ட கதவுகள் பல. கிடைத்த ஒற்றை அறையில் வாழ்ந்து, பலர்க்கும் பொதுவான அடுப்பில் அவர்கள் தம் ஊர் உணவைச் சமைத்தனர்.

ஞாயிற்றுக்கிழமை உணவு 'ரைஸ் அண்ட் பீஸ்'. பெயரில் பட்டாணி இருப்பினும் பானையில் இருப்பது ராஜ்மாப் பயறு. கிறிஸ்துமஸ் காலத்தில் அதற்கு மாற்றாகக் 'கங்கோ' இடுவர். அது நாம் அறிந்த துவரையே. முதல்நாள் இரவு ஊறவைத்த பயற்றைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வெங்காயத்தாளும் தைம் தழையும் சேர்த்து, முழு மிளகாய் ஒன்றையும் இட்டு, அதிலேயே அரிசியை வேகவைப்பர். மிளகாய் உடையாமல் காப்பதே கைப்பக்குவம். மணம் இறங்கவேண்டும், காரம் மிகலாகாது. எதிர்பாராது வருவோர்க்கும் ஒரு பங்கு இருக்குமாறு உலையேற்றுவது வழக்கம்.

அம்மேசையிலுள்ள பெயர்களைச் சற்றே கவனியுங்கள். 'அக்கி', 'டக்குனு' என்பன மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சொற்கள். 'பேமி' என்னும் மரவள்ளி அடை, தீவின் தொல்குடிகள் விட்டுச்சென்றது. 'எஸ்கோவிச்' மீன் ஸ்பானியர் வழி வந்தது. ஆட்டுக்கறிக் குழம்போ, 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் கொடை. அதன் பெயரிலுள்ள 'கறி' தமிழ்ச்சொல் என்பர் அறிஞர். ஏட்டில் எழுதப்படாத வரலாறு ஒரு மேசையில் பரிமாறப்படுகிறது.

சொல்லோடு அறிவும் வருகிறது. அக்கிக் காய் மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்; அதற்குமுன் அது நஞ்சு. இதனைப் பிள்ளைகள் கற்றது பாடநூலில் அன்று, மூத்தோர் வாய்மொழியில்.

ஆயினும் அவ்வீட்டு மொழி பள்ளியில் குறையாக எண்ணப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் பிள்ளைகள், கற்கும் திறன் குன்றியோர்க்கான பள்ளிகளுக்கு மிகுதியாக அனுப்பப்படுவதை 1971இல் ஆசிரியர் பெர்னார்டு கோர்டு ஒரு சிறுநூலில் வெளிப்படுத்தினார். பேச்சின் வேறுபாடு அறிவின் குறைபாடாகக் கொள்ளப்பட்டதும் அதற்கொரு காரணம். அஞ்சிய பெற்றோர் பலர், "ஒழுங்காகப் பேசு" என்று தம் மொழியைத் தாமே அடக்கினர். பள்ளியில் நாணிய சொற்கள் அடுப்பருகே மட்டும் நாணமின்றி வாழ்ந்தன.

ஆசிரியர்களாகிய நாம் இதனை நம் வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு மாணவன் வீட்டு வழக்கில் ஒரு சொல்லைக் கூறும்பொழுது, திருத்துவதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று வினவுகிறோமா? எழுத்து வழக்கைக் கற்பிப்பது நம் கடமை. வீட்டு வழக்கை இழிவாக எண்ணச் செய்வது நம் கடமையன்று.

மாணவர்களே, இவ்வாரம் உங்கள் இல்லத்து மூத்தவரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே அதனை எழுதிக்கொண்டு வாருங்கள். நாமும் அவற்றைக் கற்றுக்கொள்வோம்.